நீதிமன்றத் தற்காலிகப் பணியாளரின் பணிநிரந்தரக் கோரிக்கை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் நிபோங் திபாலை அடுத்து அமைந்துள்ளது பைராம் தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு பயிரிடப்பட்டுப் பின்னர் ரப்பருக்கு மாறிய தோட்டங்களுள் இதுவும் ஒன்று. இத்தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலையில் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர் இக்கட்டுரையாளர். செக்ரோலில் பெயர் பதிந்தால் அன்றைய கூலி உண்டு. மழையால் பால்வெட்டு நின்றால் இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே நிரையில் மரம் வெட்டியவரும் அப்பதிவேட்டின் கணக்கில் ஒரு நாளைக்குரிய ஆளாகவே இருந்தார்.

தோட்டத்துப் பதிவேட்டைப் போன்ற ஒன்று அரசாங்க அலுவலகங்களிலும் உண்டு. இந்திய அரசுத் துறைகளில் ‘மஸ்டர் ரோல்’ எனப்படும் வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயர் கொண்டு, பணிப்பதிவேடு இல்லாமல் பல்லாண்டுகள் உழைத்தோர் ஏராளம். இவர்களுள் நீதிமன்றங்களில் பணியாற்றிய தற்காலிகப் பணியாளர்களின் நிலை தனித்த கவனத்திற்குரியது. ஏனைய துறைகளின் தற்காலிகப் பணியாளர் நீதிமன்றத்தை அணுகி முறையிடலாம். நீதிமன்றப் பணியாளரோ தம்மைப் பணியமர்த்திய அமைப்பிடமே தம் வழக்கையும் கொண்டு செல்ல வேண்டியவராகின்றார். முதலாளியும் நடுவரும் ஒருவராகும் இந்நிலையில் சட்டம் எவ்வாறு பேசியது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெடுங்காலம் நீதிமன்றங்கள் கேட்ட வினா, “இவர் எவ்வழியாக உள்ளே வந்தார்?” என்பதாகும். “இவரை இத்தனை ஆண்டுகள் இந்நிலையிலேயே வைத்திருந்தவர் யார்?” என்னும் வினா அண்மைக் காலத்தில்தான் அழுத்தம் பெற்றுள்ளது. இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கோரிக்கையின் வரலாறு எனலாம்.

காத்திருப்போர் என்னும் வகையினர்

அரசுப் பணியை எதிர்நோக்கி அலுவலக வாயிலில் காத்திருத்தல் என்பது குடியரசு இந்தியாவில் தோன்றிய வழக்கமன்று. கம்பெனி ஆட்சிக்கால ஆவணங்களில் ‘உமேத்வார்’ என்னும் சொல் பயின்று வருகின்றது. நம்பிக்கை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லை அடியாகக் கொண்ட இச்சொல், வேலை கிடைக்குமென்று நம்பிக் காத்திருப்பவரைக் குறிக்கும். கச்சேரியில் ஊதியமின்றி எழுத்து வேலை பழகி, ஓர் இடம் காலியாகும் நாளுக்காக அவர் காத்திருப்பார். அவ்விடம் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிரஸ்தாரின் தயவைப் பொறுத்தது.

இம்முறையின் விளைவு நன்மையாக அமையவில்லை. குண்டூர் மாவட்டத்தின் 1788 முதல் 1848 வரையிலான ஆட்சி வரலாற்றை ஆராய்ந்த இராபர்ட் பிரைக்கன்பர்க், மாவட்ட அலுவலகங்களைச் சில குடும்பங்களின் உறவு வலை எவ்வாறு தன்வயப்படுத்தியிருந்தது என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். ஆள் தெரிந்தவர் உள்ளே செல்ல, ஆள் தெரியாதவர் வெளியே நின்றார்.

சென்னை மாகாணத்தில் இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். நீதிக்கட்சி ஆட்சிக்காலத்து வகுப்புவாரி அரசாணைகள் பதவிகளைப் பல்வேறு சமூகத்தாருக்கும் பகிர்ந்தளிக்க முற்பட்டன. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சென்னை மாகாணம் தனக்கெனப் பணித் தேர்வாணையம் ஒன்றை அமைத்துக்கொண்டது. பிற மாகாணங்களுக்கு இதில் இது முன்னோடியாக அமைந்தது. அறிவிப்பு, தேர்வு, இனச்சுழற்சி ஆகிய மூன்றும் தமிழகத்தில் வெறும் நிருவாக நடைமுறைகளாகக் கருதப்படுவதில்லை. வாயில் அடைக்கப்பட்டிருந்தோர் போராடிப் பெற்ற திறவுகோல்களாகவே அவை மதிக்கப்படுகின்றன. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, அரசுப் பணியில் சமவாய்ப்பை அடிப்படை உரிமையாக்கி இதற்கு அரண் செய்தது.

தற்காலிகப் பணியாளரின் கோரிக்கையை எடைபோடும்போது இவ்வரலாற்றை மறத்தல் இயலாது. தேர்வின்றி ஒருவர் நிரந்தரம் பெறும்போது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் முகமறியாத ஒருவர் வாய்ப்பை இழக்கின்றார். அவர் பெரும்பாலும் ஆள் தெரியாதவராகவே இருப்பார்.

விதியும் விதிவிலக்கும்

தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணிகளுக்கான பொதுவிதிகளில் 10(அ)(i) எனப்படும் விதி, அரசு ஊழியர் வட்டத்தில் எண்ணாலேயே அறியப்படுவது. பொதுநலன் கருதி ஒரு பணியிடத்தை உடனடியாக நிரப்ப வேண்டிய அவசர நிலையில், முறையான நியமனத்திற்குக் காலதாழ்வு ஏற்படுமாயின், ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்தலாம் என்பது அதன் சாரம். இவ்வாறு அமர்த்தப்பட்டவர் இயன்ற விரைவில் முறைப்படி தேர்வான ஒருவரால் மாற்றப்பட வேண்டும். இந்நியமனத்தை மட்டும் கொண்டு அவர் எதிர்கால நியமனத்தில் முன்னுரிமை கோர இயலாது. இவ்விதித் தொகுதிக்கு மாற்றாக 2016ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் பணிநிபந்தனைகள் சட்டம் இயற்றப்பட்டபோதும் தற்காலிக நியமனத்திற்கான இடம் நீடித்தது.

மாவட்ட நீதிமன்றங்களில் இவ்விதி பயன்பட்ட சூழலை விளங்கிக்கொள்வதற்கு அவற்றின் அன்றாட இயக்கத்தை நோக்க வேண்டும். நீதிபதி ஒருவர் வழங்கும் தீர்ப்பு பலருடைய கை வேலையின்மேல் நிற்பது. கட்டளை நிறைவேற்றுநர் அழைப்பாணையை உரியவரிடம் சேர்க்காவிட்டால் வழக்கு தொடங்காது. அமீனா சென்று சொத்தைக் கைப்பற்றாவிட்டால் தீர்ப்பு தாளிலேயே கிடக்கும். தட்டச்சர் சாட்சியத்தைப் பதியாவிட்டால் விசாரணை நடந்ததற்கே சான்றில்லை. நகல் பிரிவில் சான்றிட்ட படி தயாராகாவிட்டால் தோற்றவர் மேல்முறையீடு செய்ய இயலாது. இப்பணியிடங்களுள் ஒன்று காலியானால் தேர்வாணையத்தின் பட்டியல் வரும்வரை நீதிமன்றம் காத்திருக்க முடியாது. ஆகவே மாவட்ட நீதிபதி தற்காலிகமாக ஒருவரை அமர்த்துவார். அவசரம் உண்மையானது; அமர்த்தலும் நியாயமானதே.

சிக்கல் அதற்குப் பின்னர்த் தொடங்குகின்றது. தேர்வு தள்ளிப்போகின்றது; நியமனம் நீட்டிக்கப்படுகின்றது; நீட்டிப்புக்கு நீட்டிப்பு வருகின்றது. இடையில் ஓரிரு நாள் பணி முறித்து மீண்டும் அமர்த்தும் வழக்கமும் அரசுத் துறைகள் பலவற்றில் இருந்தது. அவசரத்திற்கென அமைந்த வழி இவ்வாறு அன்றாட வழியாகிவிடுகின்றது. இருபத்தைந்து வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்தை அடையும்போது போட்டித் தேர்வு எழுதும் வயதுத் தகுதியையும் இழந்திருக்கக்கூடும். பணியில் நீடிப்பதற்கு உரிமையும் இல்லை. வெளியேறி வேறு பணி தேடுவதற்கு வயதும் இல்லை என்னும் நிலை அவருடையதாகின்றது.

கர்நாடக உயர்நீதிமன்ற நியமன வழக்கு

நீதித்துறையே விதியை மீறிய நிகழ்வாக 1990இல் உச்சநீதிமன்றம் தீர்த்த புட்டசாமி வழக்கு முதன்மை பெறுகின்றது. கர்நாடகத்தில் சார்நிலை நீதிமன்ற எழுத்தர் பதவிகள் மாநிலப் பணித் தேர்வாணையத்தின்வழி நிரப்பப்பட வேண்டியவை. உயர்நீதிமன்றத்தின் சொந்தப் பணியாளரை அமர்த்தும் அதிகாரமோ அரசியலமைப்பின் 229ஆம் பிரிவுப்படி தலைமை நீதிபதிக்கு உரியது. அன்றைய தலைமை நீதிபதி நூற்றுக்கணக்கானோரை உயர்நீதிமன்றப் பணியில் அமர்த்தி, விரைவிலேயே அவர்களைச் சார்நிலை நீதிமன்றங்களுக்கு மாற்றினார். தேர்வாணையத்தின் வாயில் இவ்வாறு சுற்றிக் கடக்கப்பட்டது.

இந்நியமனங்கள் செல்லாவென உயர்நீதிமன்றம் தீர்த்தது. உச்சநீதிமன்றமும் பின்பற்றப்பட்ட முறை தவறானது என்பதை ஐயத்திற்கிடமின்றி ஏற்றுக்கொண்டது. ஆயினும் பாதிக்கப்படுவோர் யாவர் என்பதையும் அது நோக்கியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றியவர்கள். எளிய குடும்பத்தைச் சார்ந்தவர்கள். வேறு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் வயதைக் கடந்தவர்கள். மனிதநேய நோக்கில் அவர்கள் பணியில் தொடரலாம் என உச்சநீதிமன்றம் அனுமதித்தது.

இத்தீர்ப்பின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். பணியாளர் பெற்றது உரிமையன்று, இரக்கமாகும். தவறு இழைத்தவர் அமர்த்திய அதிகாரி எனக் கண்டறிந்தபோதும், அத்தவற்றின் சுமையிலிருந்து பணியாளரை விடுவிப்பதற்குச் சட்டக் கோட்பாடு ஏதும் அன்று உருவாகவில்லை. இரக்கம் வழக்குக்கு வழக்கு மாறுபடக்கூடியது. அடுத்து வருபவர் அதனை முன்னுதாரணமாகக் காட்டி வாதிடுவது கடினம்.

உமாதேவி தீர்ப்பும் அதன் விளைவுகளும்

1980களின் பிற்பகுதியிலிருந்து உச்சநீதிமன்றம் தற்காலிகப் பணியாளர்பால் பரிவு காட்டியதைப் பல தீர்ப்புகளில் காணலாம். அஞ்சல், தந்தித் துறைத் தினக்கூலித் தொழிலாளர் வழக்கு (1987), தார்வாட் மாவட்டப் பொதுப்பணித் துறைத் தினக்கூலி ஊழியர் சங்க வழக்கு (1990) ஆகியன நிரந்தரப்படுத்தலுக்குத் திட்டம் வகுக்குமாறு அரசுகளைப் பணித்தன. பியாரா சிங் வழக்கில் (1992), ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமர்த்தப்பட்டிருப்பின் அப்பணி நிலையான தேவையுடையது என ஊகிக்கலாம் என்னும் கருத்தும் இடம்பெற்றது.

இப்போக்கினை 2006 ஏப்ரல் 10ஆம் நாள் வழங்கப்பட்ட உமாதேவி தீர்ப்பு தடுத்து நிறுத்தியது. கர்நாடக வணிகவரித் துறையின் தினக்கூலிப் பணியாளர் தொடர்பான இவ்வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு விசாரித்தது. நீதிபதி பி.கே. பாலசுப்பிரமணியன் எழுதிய அத்தீர்ப்பின்படி, முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர் நீண்ட காலம் பணியாற்றியமையை மட்டும் காட்டி நிரந்தரம் கோர இயலாது. உயர்நீதிமன்றங்களும் பொதுவாக அவ்வாறு ஆணையிடலாகாது. தற்காலிகம் என அறிந்தே பணியேற்றவர் பின்னர் எதிர்பார்ப்பை உரிமையாக்க முடியாது என்றும் அது வாதிட்டது. வாயிலுக்கு வெளியே காத்திருப்போரின் சமவாய்ப்பே அத்தீர்ப்பின் மையமாகும். மேலே கண்ட வரலாற்றை எண்ணுவார்க்கு இவ்வாதத்தின் வலிமை எளிதில் விளங்கும்.

அதே தீர்ப்பு ஒரு சிறு வாயிலையும் திறந்து வைத்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய கல்வித் தகுதியுடன், நடைமுறைக் குறைபாட்டோடு அமர்த்தப்பட்டுப் பத்தாண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்றியவரை ஒரே ஒரு முறை மட்டும் நிரந்தரப்படுத்தக் கருதலாம் என்றது. ஆனால் அப்பத்தாண்டுக் காலம் நீதிமன்ற இடைக்கால ஆணைகளின் துணையின்றிக் கழிந்திருக்க வேண்டும்.

இந்நிபந்தனைகளுள் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன. முதலாவது, பணியிடம் அனுமதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது. பணியிடத்தை அனுமதிப்பது அரசின் கையில் உள்ளது. வேலை இருந்தும் பணியிடத்தை உருவாக்காத அரசு, தன் செயலின்மையையே பணியாளரின் குறையாகக் காட்ட இது வழிவகுத்தது. இரண்டாவது, நீதிமன்ற ஆணையின் துணையின்மை. பணிநீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றவரின் ஆண்டுகள் கணக்கில் சேரா. வாய்மூடி இருந்தவரின் ஆண்டுகள் சேரும். உரிமையை நாடி நீதிமன்றம் சென்றமையே இங்குத் தடையாக அமைந்தது.

தமிழ்நாட்டில் இத்தீர்ப்புக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், 2006 பிப்ரவரி 28இல், பணியாளர் மற்றும் நிருவாகச் சீர்திருத்தத் துறையின் 22ஆம் எண் அரசாணை வெளியானது. 2006 சனவரி 1ஆம் நாள் பத்தாண்டுப் பணி முடித்திருந்த தினக்கூலிப் பணியாளரைப் பணிவரன்முறைப்படுத்த அது இடமளித்தது. குறித்த நாளில் பத்தாண்டுக்குச் சில மாதம் குறைந்தவர், முழுநேரமா பகுதிநேரமா என்ற ஐயத்திற்குரியவர் ஆகியோர் வெளியில் நின்றனர். 2013 சூன் 27ஆம் நாளிட்ட 74ஆம் எண் அரசாணை முழுநேரப் பணியாளர்க்கே இச்சலுகை உரியது எனத் தெளிவுபடுத்தியது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர் வழக்கில் (2014) உச்சநீதிமன்றம் அவர்தம் கோரிக்கையை ஏற்கவில்லை.

விரைவு நீதிமன்றங்கள்

தற்காலிகப் பணியாளரைக் கொண்டதோடு, நீதிமன்றமே தற்காலிகமாக அமைந்த நிகழ்வும் உண்டு. பதினோராவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி இந்தியா முழுவதும் 1,734 விரைவு நீதிமன்றங்கள் திட்டமிடப்பட்டன. இதற்கென 502.90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கென 2000இல் தொடங்கிய இத்திட்டம் நீட்டிப்புகள் பெற்று, நடுவணரசின் நிதி 2011 மார்ச்சு 31உடன் நின்றது. நிதி நின்றபோது நீதிபதிகள் முதல் கடைநிலைப் பணியாளர் வரை அனைவருடைய எதிர்காலமும் கேள்விக்குறியானது. தேங்கிக் கிடந்த வழக்குகள் மட்டும் நின்றபாடில்லை.

2012 ஏப்ரல் 19இல் பிரிஜ் மோகன் லால் வழக்கில் உச்சநீதிமன்றம், தற்காலிகமாக அமர்த்தப்பட்ட விரைவு நீதிமன்ற நீதிபதிகளுக்கு நிரந்தரம் கோரும் உரிமை இல்லை எனத் தீர்த்தது. எனினும் தேர்வின்வழி நிலையான பணியில் சேர வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், சார்நிலை நீதித்துறையில் பத்து விழுக்காடு கூடுதல் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்றும் பணித்தது. நீண்டகாலத் தேவையைக் குறுகியகாலத் திட்டங்களால் நிறைவேற்ற முனைந்ததன் விளைவை இத்தீர்ப்பு வெளிச்சமிட்டது. தேர்வையும் விட்டுக்கொடுக்காமல், உழைத்தவரையும் புறந்தள்ளாமல், பணியிடத்தையே பெருக்குதல் என்னும் நடுவழி இங்குத் தென்படுகின்றது.

நீதிமன்றங்களின் நியமன முறையையே நேரடியாக ஆராய்ந்தது 2014 பிப்ரவரி 12இல் வெளியான ரேணு வழக்குத் தீர்ப்பாகும். தில்லி மாவட்ட நீதிமன்றங்களின் கடைநிலைப் பணியாளர் நியமனத்திலிருந்து எழுந்த இவ்வழக்கு, நாட்டின் அனைத்து உயர்நீதிமன்றங்களையும் தழுவியதாக விரிந்தது. தலைமை நீதிபதியின் நியமன அதிகாரமும் சமத்துவப் பிரிவுகளான 14, 16 ஆகியவற்றுக்கு உட்பட்டதே என உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. பிறர்க்கு உரைக்கும் நெறியை நீதித்துறை தானும் கடைப்பிடிக்க வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. இது வருங்கால நியமனங்களைச் செம்மைப்படுத்தியது. ஏற்கெனவே உள்ளே உழைத்துக்கொண்டிருந்தோர்க்கு விடை தரவில்லை.

வினா திரும்புதல்

அந்த விடையை நோக்கிய நகர்வு பின்னைய பத்தாண்டில் நிகழ்ந்தது. 2016 அக்டோபர் 26இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் ஆற்றும் அதே பணியை ஆற்றும் தற்காலிகப் பணியாளர்க்குச் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கொள்கை பொருந்தும் என உச்சநீதிமன்றம் தீர்த்தது. நிரந்தரம் மறுக்கப்பட்டாலும் உழைப்பின் விலை மறுக்கப்படலாகாது என்பது இதன் பொருள்.

2024 திசம்பர் 20இல் வெளியான ஜக்கோ வழக்குத் தீர்ப்பு இன்னும் ஒரு படி முன்னேறியது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் துப்புரவு, தோட்டப் பணிகளைப் பல்லாண்டுகள் செய்து 2018இல் நீக்கப்பட்டவர்களின் வழக்கு அது. புறவாசல் நியமனத்தைத் தடுப்பதற்கு எழுந்த உமாதேவி தீர்ப்பு, நிலையான வேலையை நெடுங்காலம் செய்தவரை வெளியேற்றும் கருவியாகப் பயன்படுத்தப்படுவதை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2025 ஆகஸ்டு 19இல் உத்தரப் பிரதேசத்தின் தரம் சிங் வழக்கில், நிதிநெருக்கடியைக் காரணங்காட்டி நிலையான பணிகளுக்குத் தற்காலிகப் பணியாளரையே சார்ந்திருப்பதை உச்சநீதிமன்றம் கண்டித்தது. தேவையெனில் கூடுதல் பணியிடங்களை உருவாக்கியேனும் நிரந்தரப்படுத்துமாறு ஆணையிட்டது. அரசு என்பது சந்தை முதலாளியைப் போன்றதன்று, அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட முதலாளி என்னும் கருத்து இங்கு மேலோங்கி நிற்கின்றது.

1990இல் இரக்கமாக வழங்கப்பட்டது, 2025இல் அரசின் கடமை என்னும் நிலைக்கு நெருங்கி வந்துள்ளது. ஆயினும் உமாதேவி தீர்ப்பு ஐவர் அமர்வின் தீர்ப்பாகும். பின்னைய தீர்ப்புகள் சிறு அமர்வுகளைச் சார்ந்தவை. ஆகவே அவை அதனை மாற்றவில்லை. அதன் எல்லையைத் தெளிவுபடுத்தின என்றே கொள்ளுதல் பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் தெளிவாவன சில. தற்காலிகம் என்பது காலத்தை அளக்கும் சொல்லாகத் தோன்றினும், நடைமுறையில் அது ஒரு தகுதிநிலையைக் குறிக்கின்றது. பதினைந்து ஆண்டு நீடித்த தற்காலிகத்தைச் சட்டம் தற்காலிகம் என்றே அழைத்தது. வெளியே காத்திருப்பவரின் சமவாய்ப்பும் உள்ளே உழைப்பவரின் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றுவதற்குக் காரணம் அவ்விருவருமல்லர். உரிய காலத்தில் பணியிடம் உருவாக்காமலும் தேர்வு நடத்தாமலும் விட்ட அதிகாரமே இருவரையும் ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்தியது. குறித்த காலத்தில் தேர்வு நடத்துதல், தற்காலிகப் பணியாளர்க்கு வயது வரம்பில் தளர்வும் பணியனுபவத்திற்கு மதிப்பெண்ணும் வழங்குதல், தேவையை ஒட்டிப் பணியிடத்தைப் பெருக்குதல் ஆகியன இவ்விருவர்க்கும் நீதி செய்யக்கூடிய வழிகளாம்.

இச்சிக்கல் நமக்கு அயலானதன்று. மலேசிய அரசு மருத்துவமனைகளில் 2016 முதல் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட இளம் மருத்துவர்கள் 2021 சூலை 26இல் பணிநிறுத்தக் கண்டனம் நடத்தியதை நாம் அறிவோம். நம் தமிழ்ப்பள்ளிகளிலோ, பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களாக நுழைந்து, ஆண்டுதோறும் நியமனக் கடிதத்தை எதிர்பார்த்துக் கொண்டே தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் பலர். அவர்களுள் சிலர் விடுமுறைக் காலப் பயிற்சி பெற்று நிலையான ஆசிரியராயினர். சிலர் அவ்வாய்ப்பின்றியே விலகினர். அவர்களுடைய பணிக்காலம் எந்த ஆய்விலும் முழுமையாகப் பதிவாகவில்லை எனில், அதனைப் பதிவு செய்யும் பொறுப்பு இந்தியவியல் துறையினரைச் சாரும்.

பைராம் தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடுகையில் பதில் குரல் கொடுத்தவர்கள், அன்றைய நாளுக்குத் தாம் உண்டு என்பதை உறுதிசெய்து கொண்டனர். நீதிமன்ற நகல் பிரிவில் அமர்ந்திருக்கும் தற்காலிக எழுத்தரும் அதே உறுதியைத்தான் தேடுகின்றார். பிறருடைய உரிமைக்குச் சான்றிட்ட படி எடுத்துத் தருபவர், தம் பணிக்கும் ஒரு சான்று கேட்பது நியாயமே.